ஆன்சியின் நிச்சயத்துக்கு எத்தனை கட்சி

எங்கள் தெரு ராயபுரத்தில், கல்மண்டபத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு கண்டெய்னர் லாரியை உள்ளே விட்டால் தலை ஒரு முனையிலும் வால் மறுமுனையிலும் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நீளத்துக்குள் பதினொரு கட்சி.

பதினொன்றுக்கும் தெருமுனையில் கொடிக்கம்பம் இருந்தது. ஒவ்வொருவரும் பக்கத்துக் கம்பத்தைவிட ஒரு முழம் உயரமாக நட்டுக்கொண்டே போனார்கள். கடைசிக் கம்பம் ஏறியபோது, காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போக வேண்டிய கப்பல் ஒன்று அந்தக் கொடியைப் பார்த்துவிட்டு, இதுதான் துறை போலிருக்கிறது என்று எங்கள் தெருவுக்கு நேரே நங்கூரம் போட்டுவிட்டது. நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவன். கப்பல் விஷயத்தில் பொய் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

கட்சிகளின் உண்மைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வயதில் கட்சி ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கி வருத்தம் தெரிவிக்க முட்டிக்கால் ஒத்துழைக்காது. ஆகவே பெரிய கட்சிகள் இரண்டில் ஒன்றுக்குக் கத்திரிக்கோல் என்றும் இன்னொன்றுக்கு அலமாரி என்றும் பெயர் வைத்துக்கொள்கிறேன். நடுத்தரமான ஒன்றுக்குத் தூக்குச்சட்டி. ஆகச் சின்னதற்கு விசிறி.

விசிறிக் கட்சியில் ஒரே ஆள்தான். தண்டையார்பேட்டைப் பட்டறையில் வெல்டிங் பண்ணும் மாரியப்பன். தலைவர், செயலாளர், தொண்டர் எல்லாம் அவரே. அந்தக் கட்சியும் ஒரு முறை உடைந்தது. பொதுக்குழுவில் அவர் ஒரு கேள்வி கேட்டார், அவரே பதில் சொன்னார், பதில் அவருக்குத் திருப்தியாக இல்லை. தன்னைத் தானே கட்சியிலிருந்து நீக்கினார். நீக்கப்பட்டவர் சும்மா இருப்பாரா, நான்தான் உண்மையான விசிறி என்று போஸ்டர் ஒட்டினார். இரண்டு அணியின் போஸ்டரிலும் ஒரே முகம். கண்ணாடி போட்டிருந்தால் ஓர் அணி, போடாவிட்டால் எதிரணி. எனவே எங்கள் தெருவில் கட்சி பதினொன்றா பன்னிரண்டா என்பது இன்னும் முடிவாகவில்லை.

இப்படிப்பட்ட தெருவில்தான் என் சிநேகிதன் பாஸ்கலின் வீடு. அவன் மகள் ஆன்சிக்கு நான் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தன்று என் கையில் இருந்துகொண்டு சாமியாரின் கண்ணாடியைப் பறித்த பிள்ளை. இப்போது கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறாள். அவள் டிபார்ட்மெண்டுக்குப் புத்தக ரேக் வாங்கச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் போன இடத்தில் பெனிட்டோவைப் பார்த்தாள். ரேக் ஆடியது. ஆட்டத்தைச் சரிபண்ண அவன் கல்லூரிக்கு வந்துகொண்டே இருந்தான். அந்த மாதிரி ஆடுகிற ரேக்கை நான் பார்த்ததில்லை. இரண்டு வருஷம் சரிபண்ணினான்.

பெனிட்டோவின் அப்பா தேவப்பிரியம். நாசரேத் பக்கத்துக்காரர், சாத்தாங்காட்டில் இரும்புக் கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு பாஸ்கல் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்தார். அவர்கள் வேறு சபை, நாங்கள் கத்தோலிக்கர்கள். எந்தக் கோயிலில் தாலி, எந்தக் கோயிலில் ஞாயிறு என்பது போன்ற நானூறு ஐநூறு வருஷத்துச் சண்டை ஒரு டீ ஆறுவதற்குள் தீர்ந்துவிட்டது. அதன் பிறகுதான் அவர் ஜன்னல் வழியாகக் கொடிக்கம்பங்களைப் பார்த்தார்.

"இங்கன எத்தன கட்சி இருக்கு?"

"பதினொண்ணு. நம்ம மாரியப்பன் மேட்டர் முடிஞ்சா பன்னெண்டு," என்றான் பாஸ்கல், பெருமையாக.

"நிச்சயத்துக்கு எத்தன வரும்?"

"இன்னா சம்பந்தி இப்டி கேட்டுட்டீங்க. அல்லாரும்தான்."

தேவப்பிரியம் டம்ளரைக் கீழே வைத்தார். "எம் மூத்த மவ கல்யாணம் திருவொத்தியூர்ல நடந்துச்சு. ரெண்டு கட்சிக்காரனைக் கூப்பிட்டிருந்தேன். யாரு மொதல்ல மேடை ஏறணும்னு தகராறு. நாக்காலி பறந்துச்சு. அதுல ஒண்ணு எங்க அப்பா மண்டையில எறங்கிச்சு. அதுக்குப் பொறவு ஆறு மாசம் எங்க அப்பா வீட்டுல எல்லாரையும் வாக்காளப் பெருமக்களேன்னுதான் கூப்பிட்டாவ."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கு அந்த நிமிஷமே ஆளைப் பிடித்துவிட்டது.

"ஒரு கட்சியக் கூப்பிடுங்க, இல்லன்னா ஒண்ணையும் கூப்பிடாதிய," என்றார். "எல போட்டுப் பந்தியா சாப்பாடு. தட்டத் தூக்கிட்டு நின்னுக்கிட்டே திங்கிற சோலி வேண்டாம். ஒரே ஒரு நாக்காலி தரைய விட்டு எழும்பினாலும் எம் பையனைக் கூட்டிக்கிட்டு நான் போயிட்டே இருப்பேன். நிச்சயமும் கெடையாது, கல்யாணமும் கெடையாது. முன்னக்கூட்டியே சொல்லிட்டேன்."

பெனிட்டோ ஆன்சியைப் பார்த்தான். ஆன்சி டம்ளரின் அடியைப் பார்த்தாள். ஏற்கெனவே அக்கா கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்தவர்கள், பிறகு தாத்தா மண்டை ஆறட்டும் என்று காத்திருந்தவர்கள். இனிமேலும் காத்திருக்கக் காரணம் ஏதும் மீதி இல்லை என்று நினைத்திருந்தார்கள்.

அவர்கள் போன பிறகு பாஸ்கல் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். நானும் ஆன்சியும் பின்னால் போனோம்.

"இன்னா மாமு, ஒரு கட்சியாமே," என்றான். "ஐரீன் செத்த அன்னிக்கு இன்னா மழை. முட்டிக்கால் தண்ணியில காசிமேடு கல்லறை வரிக்கும் பொட்டியத் தூக்கிகினு போனது யாரு? நாலு மூலைக்கு நாலு கட்சிக்காரன். தோளு மாத்திக்க இன்னும் ஏழு பேரு. கண்ணாடி நனையுதுன்னு கழட்டி ஜோபில போட்டுகினு வந்தான் மாரியப்பன். அவன் எந்த அணியில தூக்குனான்னு நான் கேட்டேனா? இதுல எவன வுட சொல்றாரு அவரு?"

ஐரீன் அவன் மனைவி. அந்தப் பெட்டியில் ஒரு மூலை கொஞ்ச தூரம் என் தோளிலும் இருந்தது.

ஆன்சி கொடியில் காய்ந்த துணிகளை எடுத்தபடியே பேசினாள். "நைனா, அவரு பையன் வூட்டுக்காரரு. பட்ட அடியில சொல்றாரு. ஒண்ணுன்னு அவரு எண்றாரு, பதினொண்ணுன்னு நீ எண்ற. ரெண்டு பேருமே சும்மா தலைய எண்றீங்க. ஒரு நாட்ட எந்த வகையில சேக்கணும்னா, கட்சிய அப்டி எண்ணக்கூடாது."

"வேற எப்டி எண்றது?"

"சில நாட்டுல ஒரு கட்சிதான் இருக்கலாம்னு சட்டமே போட்டிருப்பாங்க. சில எடத்துல நெறைய இருக்கும், ஆனா எப்பவும் ஒண்ணேதான் ஜெயிக்கும். சில எடத்துல ரெண்டு மாத்தி மாத்தி வரும். சில எடத்துல பத்து பாஞ்சு சேந்தாத்தான் ஆட்சியே நிக்கும். எது எந்த வகைன்னு பாக்க மொதல்ல எந்தக் கட்சிய கணக்குல எடுக்கறது, எத வுட்றதுன்னு தெரியணும். அதுக்கு ரெண்டு கேள்வி. அது இல்லாம ஆட்சி அமைக்க முடியுமா? முடியாதுன்னா கணக்குல வரும். சரி, ஆட்சியில அது சேரவே போறதில்ல, ஆனா ஆட்சிய நகர வுடாம பண்ணுமா? பண்ணும்னா அதுவும் கணக்குல வரும்."

நிச்சயத்தை வைத்தே எண்ணிப் பார்த்தோம். கத்திரிக்கோல் இல்லாமல் தண்ணீர் லாரி வராது. அலமாரி இல்லாமல் ஹால் கிடைக்காது. இரண்டாவது கேள்விக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தூக்குச்சட்டிக் கட்சியின் மகளிரணித் தலைவி காத்தூன் பீவி. ஒரு தடவை தண்ணீர் வரவில்லை என்று குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தார். எண்ணூர் வரைக்கும் லாரி நின்றது. தண்ணீர் வந்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்து, உப்பு கரிக்கிறது என்று மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப மாரியப்பன்?" என்றான் பாஸ்கல். "அவன் இல்லாமலும் நடக்கும். அவனால ஒண்ணும் நிக்காது. வுட்டுறணுமா?"

ஆன்சி துணியை மடித்த கை நின்றது. "கணக்கு அப்டித்தான் சொல்லுது," என்றாள். பிறகு, "இன்னொரு கணக்கும் கீது," என்றாள். ஒவ்வொரு கட்சியின் ஓட்டுப் பங்கையும் அதே பங்கால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, ஒன்று என்ற எண்ணை அந்தக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டுமாம். பெரிய கட்சி பெரிதாகத் தெரியும், சின்னது மெலிந்துபோகும், ஆனால் யாரும் அடியோடு காணாமல் போகமாட்டார்கள். போன தேர்தலில் எங்கள் தெரு வாங்கிய ஓட்டுகளைப் போட்டு மொபைலில் தட்டினாள்.

"ரெண்டு புள்ளி ஆறு."

"புள்ளி ஆறு எங்க உக்காரும்?" என்றான் பாஸ்கல்.

"பஷீரா இருக்கும்," என்றேன் நான். பஷீர் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். யார் கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டினானோ, அதைக் கழற்றும்வரை அந்தக் கட்சி. பதினொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு ஆள் தேறும்.

ஆன்சி சிரிக்கவில்லை. புள்ளிக்கு முன்னால் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினொண்ணும் ரெண்டு கூட்டணிக்குள்ளதான கீது," என்றாள் மெதுவாக. "பல கட்சி, ஆனா ரெண்டு பக்கம். எல போட்டா ரெண்டு வரிசை. யாரையும் வுட வேணாம். சாத்தாங்காட்டு மாமாவுக்கும் எண்ணிக்க கம்மியாச்சு."

மறுநாள் சாத்தாங்காட்டுக்குப் போய் அவளே சொன்னாள். நான் துணைக்குப் போயிருந்தேன். தேவப்பிரியம் இரும்புக் கம்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி கேட்டார். ஒன்று என்பதிலிருந்து இரண்டுக்கு வர அவருக்கு ஒரு மத்தியானம் பிடித்தது. வந்த பிறகு எழுந்து நின்று, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கையில் எடுத்து எடை பார்த்து, கடை வாசலில் தூரத்தைக் கண்ணால் அளந்தார்.

"ரெண்டு வரிசைக்கும் நடுவுல இருவது அடி விடணும். வீசினா எட்டப்பிடாது," என்றார்.

நிச்சயம் மாசி மாதத்தில் வந்தது. தேர்தலும் பக்கத்தில் வந்துவிட்டது. சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் இடப்பக்கம் அலமாரிக் கூட்டணி, வலப்பக்கம் கத்திரிக்கோல் கூட்டணி, நடுவில் இருபது அடி வெறுந்தரை. அந்த இருபது அடிக்கு எதிரில் மேடை. மேடையில் ஆன்சி, கிளிப்பச்சைப் பட்டில். எந்தக் கட்சிக் கொடியிலும் இல்லாத நிறம் தேடித் தேடி அதுதான் மிஞ்சியது என்று கடைக்காரர் சொன்னாராம்.

காத்தூன் பீவி தன் மகளிரணியோடு இடப்பக்கம் உட்கார்ந்தார். தூக்குச்சட்டி அப்போது அலமாரிக் கூட்டணியில் இருந்தது. மாரியப்பனுக்கு இரண்டு வரிசையிலும் இடம் போட்டிருந்தோம். பஷீர் மேடை ஓரத்தில் மைக் செட்டோடு, எந்தப் பக்கமும் சாயாமல்.

மோதிரம் மாற்ற ஜெபம் பண்ண வேண்டிய போதகர், தேவப்பிரியம் ஊரில் ஐயர் என்பார்கள், அவர் மட்டும் வரவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி, இரண்டு பக்கமும் லாரி. வானம் மட்டும் தெரிகிறது, நல்ல நீலமாக இருக்கிறது என்று போனில் சொன்னார்.

"பிள்ளைய பசியில கெடக்கு. மொதப் பந்தி போட்டுருவோம். ஐயர் வந்த பொறவு மோதிரம்," என்றார் தேவப்பிரியம். நியாயம்தான். இலை விழுந்தது, பிரியாணி விழுந்தது, எலும்போடு கறி விழுந்தது. இரண்டு வரிசையும் தலைகுனிந்தது. அந்த அமைதியைக் கேட்டுத் தேவப்பிரியம் முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் பஷீரின் மொபைலில் செய்தி வந்தது. பஷீர் கெட்டவன் இல்லை. ஆனால் மைக் கையில் இருக்கும்போது ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளும் பயிற்சி அவனுக்குக் கிடையாது.

"ஒரு முக்கிய அறிவிப்பு," என்றது ஹாலின் நான்கு மூலை ஒலிபெருக்கியும். "தூக்குச்சட்டி கட்சி அலமாரி கூட்டணியிலருந்து இப்பதான் வெலகிகிச்சு. கத்திரிக்கோல் கூட்டணியில சேந்துகிச்சு. கையெழுத்து ஆயிடிச்சு."

காத்தூன் பீவியின் கையில் நல்லியெலும்பு. அது வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

"ஏண்டா பஷீரு, நெசமாவா?"

"படத்தோட போட்டுகீறாங்க காத்தூம்மா. உங்க தலைவரு இளிச்சிகினு கீறாரு."

பக்கத்து நாற்காலியில் இருந்த அலமாரிக்காரர் ஒருவர் தன் இலையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். மொபைல்கள் வெளியே வந்தன.

"பாத்தியா, பாத்தியா, படம் புடிக்கிறானுங்க," என்றார் காத்தூன் பீவி. "அலமாரிக்காரன் பந்தியில குந்திகினு நல்லி உறியறேன்னு இன்னும் அஞ்சு நிமிஷத்துல எல்லா குரூப்புலயும் வந்துரும். பத்து வருஷமா ரோட்ல குந்தி சம்பாரிச்ச பேரு. எந்திரிங்கடி."

மகளிரணி எழுந்தது. எதிர்வரிசையில் காலி நாற்காலி இல்லை என்று தெரிந்த கட்டுப்பாடான அணி அது. ஆகவே ஒவ்வொருவரும் இடக்கையில் தன் நாற்காலியைத் தூக்கினார்கள், வலக்கையில் இலையைத் தூக்கினார்கள், நடுவில் இருந்த இருபது அடியைக் கடக்கத் தொடங்கினார்கள்.

"இன்னா காத்தூம்மா, இங்க எங்க வர்ற?" என்றார் கத்திரிக்கோல் வரிசையில் ஒருவர். "போன வாரம் மேடையில எங்கள துருப்புடிச்ச கத்திரின்னு சொன்னியே."

"அது போன வாரம்பா. தள்ளி குந்து."

"அவங்க இங்க வந்தா நாங்க அங்க போறோம்," என்று அந்த வரிசையின் கோடியில் இருந்த சின்னக் கட்சி ஒன்று எழுந்தது. அதுவும் தன் நாற்காலிகளைத் தூக்கியது. மாரியப்பன் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், கடைசியில் அவரும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றார்.

யாருக்கும் கோபம்கூட இல்லை. இடம் மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் தேவப்பிரியத்தின் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஹால் முழுக்க நாற்காலிகள் தரையை விட்டு எழும்பியிருந்தன.

அவர் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். மேடைக்கு வந்து பெனிட்டோவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அப்பா, அது சண்ட இல்லப்பா," என்றான் பெனிட்டோ.

"சொன்ன சொல்லு சொல்லுதான். நட."

"சம்பந்தி, சம்பந்தி," என்று பாஸ்கல் பின்னாலேயே ஓடினான். அவன் குரலை அப்படி நான் ஐரீன் போன அன்றைக்குத்தான் கேட்டிருந்தேன். பெனிட்டோ இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டான். ஆனால் இரும்புக் கடையில் கம்பி தூக்கிய அப்பாவின் கை அது. வாசல் நெருங்கிக்கொண்டே வந்தது.

ஆன்சி அழவில்லை. மேடையிலிருந்து இறங்கவும் இல்லை. பஷீரின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"மாமா, போங்க. நான் தடுக்கல. ஒரே ஒரு கேள்வி. உங்க ஊர்ல எலையில உக்காந்தவங்க பாதியில எந்திரிக்கலாமா?"

தேவப்பிரியம் நின்றார். திரும்பினார். அதுவரை நாற்காலியை மட்டும் பார்த்த கண் இப்போது இலையைப் பார்த்தது. மகளிரணியின் வலக்கையில் வளைந்து தொங்கிய இலைகள். ஓரத்தில் வழிந்த பிரியாணி. தரையில் ஒரு கறித்துண்டு. வெங்காயப் பச்சடி ஒரு சேலை ஓரமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் முகம் மாறியதை எப்படிச் சொல்வது. அப்பா மண்டையில் நாற்காலி இறங்கியதைச் சொன்னபோதுகூட அவ்வளவு வருத்தம் அதில் இருந்ததில்லை.

மகனின் கையை விட்டார். நேராக நடுவில் இருந்த வெறுந்தரைக்கு வந்தார்.

"எல போட்டுச் சோறு வச்சாச்சு. பக்கத்துல ஒருத்தர் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. அவரு முடிக்குமுன்ன நீங்க எந்திக்கிறியளே, உங்களுக்கே நல்லாருக்காம்மா?" என்றார் காத்தூன் பீவியிடம்.

"நல்லால்லதான்," என்றார் காத்தூன் பீவி. "ஆனா படம் போயிரும் சார். என் பேரு நாறிடும்."

தேவப்பிரியம் யோசித்தார். இரண்டு கூட்டணியும் இலையையும் நாற்காலியையும் தூக்கியபடி அவர் யோசிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"கை கழுவுற வரைக்கும் எடுத்த படம் எல்லாம் பழைய கூட்டணி," என்றார். "கை கழுவின பொறவு எடுக்கது புதுசு. இந்தப் பந்திக்குள்ள ஒருத்தரும் மாறப்பிடாது. மாறணும்னா மறுபந்தியில மாறிக்கிடுங்க."

ஹால் அதை மென்று பார்த்தது. அலமாரி வரிசையில் ஒரு வக்கீல் இருந்தார், கத்திரிக்கோல் வரிசையில் இரண்டு பேர். மூன்று பேரும் மேலே பார்த்து, கீழே பார்த்து, இதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை என்று தலையாட்டினார்கள்.

"அப்டின்னா சரி," என்றார் காத்தூன் பீவி. நாற்காலி கீழே இறங்கியது. பழைய இடத்தில், பழைய அலமாரிக்காரர் பக்கத்தில், நல்லியெலும்பை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அலமாரிக்காரர் தன் இலையை மறுபடியும் அவர் பக்கமாக நகர்த்தினார். "போறப்போ சொல்லிகினு போயிருக்கலாம்ல காத்தூம்மா," என்றார். "எனக்கே இப்பதான்பா தெரியும்," என்றார் அவர். "எங்க தலைவரு எங்ககிட்டயா சொல்றாரு."

தேவப்பிரியம் சமையல்காரரின் கையிலிருந்து பிரியாணி வாளியை வாங்கிக்கொண்டார். யாரையும் எழவிடக்கூடாது என்பதற்காகத்தான் முதலில் பரிமாறினார் என்று நினைக்கிறேன். யார் இலையில் சோறு குறைந்தாலும் அது கட்சி மாறும் அறிகுறி என்று ஒரு கரண்டி போட்டார். வலப்பக்கம் இரண்டு கரண்டி விழுந்தால் இடப்பக்கமும் இரண்டு. போகப் போக அவருக்கே அதில் ருசி வந்துவிட்டது. யார் யார் யாரோடு, போன தேர்தலில் எங்கே இருந்தார்கள் என்று விசாரித்து விசாரித்து வாளியைச் சாய்த்தார். அவர் வாசலில் விட்டுவந்த பெனிட்டோ, கையைப் பிடிக்க ஆள் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தானாகவே நடந்து மேடைக்கு வந்து ஆன்சி பக்கத்தில் உட்கார்ந்தான். பாஸ்கல் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

முதல் பந்தி கை கழுவிய கையோடு தூக்குச்சட்டி முறைப்படி வலப்பக்கம் போனது. அங்கே புதுக் கூட்டணிக்கு மரியாதையாக இரண்டாவது பந்தியிலும் சாப்பிட வேண்டியதாயிற்று. கோபித்துக்கொண்ட சின்னக் கட்சி இடப்பக்கம் போய், வரவேற்பை ஏற்றுச் சாப்பிட்டது. பஷீர் எல்லாப் பந்தியிலும் எல்லாப் பக்கமும் சாப்பிட்டான், ஒவ்வொரு முறையும் கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு. மாரியப்பன் ஒரே இலையில் உட்கார்ந்து, கண்ணாடியோடு சோற்றையும் கண்ணாடி இல்லாமல் கறியையும் முடித்தார். இரண்டு அணியும் இணைந்துவிட்டதாக அன்று மாலையே போஸ்டர் வந்தது.

மூன்றாவது பந்தி நடக்கும்போது போதகர் வந்தார். நாலு லாரி டிரைவர்களும் அவரோடு வந்தார்கள். வழியில் பழக்கமாம், பசியோடு விட மனசு வரவில்லையாம். ஜெபம் நடந்தது, மோதிரம் மாறியது. பெனிட்டோவின் விரலில் அது இறங்க மறுத்தது. அப்பா பிடித்த பிடியில் கை வீங்கியிருந்தது. ஆன்சி தேங்காய் எண்ணெய் தடவி இறக்கினாள்.

கடைசிப் பந்தியில் வீட்டுக்காரர்கள் மட்டும். அதற்குள் மேஜைகளை எடுத்துவிட்டார்கள், ஒரே ஒரு மேஜைதான் மிச்சம். ஆன்சி, பெனிட்டோ, பாஸ்கல், நான், லாரி டிரைவர்கள், போதகர் எல்லோரும் முழங்கை இடிக்க உட்கார்ந்தோம். தேவப்பிரியம் உட்காரவில்லை. சட்டை முழுக்க மசாலாவோடு அடிச் சோற்றைச் சுரண்டிக்கொண்டு வந்தார்.

ஆன்சியின் இலைக்கு எதிரில் வாளியை வைத்துவிட்டு, அவள் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"ஏ பிள்ள, நீ படிச்சவ. ஆகமொத்தம் இது எத்தன கட்சி ஊரு?"

காலையிலிருந்து சாப்பிடாத பிள்ளை. வாய் நிறையக் கறி. கொஞ்சம் பொறுங்கள் என்று இடக்கையை விரித்துக் காட்டினாள்.

தேவப்பிரியம் விரல்களை எண்ணினார்.

"அஞ்சா. எனக்கும் அப்பிடித்தான் பட்டுச்சு," என்றார்.

ஆன்சியின் பழக்கம் எனக்குத் தெரியும். ஜெபத்தில் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் சாமியாரையே திருத்துகிறவள். வாயில் இருந்ததை விழுங்கினாள். அவரைப் பார்த்தாள். பிறகு இலையைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் அடிச்சோறு வைங்க மாமா," என்றாள்.

அவர் வாளியைக் கவிழ்த்து எல்லாவற்றையும் வைத்தார். "மெதுவா சாப்பிடு. எந்திக்க அவசரமில்ல," என்று சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.